கசினோ விடுதியில் ‘இலவச’ அறை: வீட்டிலிருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வெள்ளைத் துணிச் செருப்பு ஒரு சோடி. பெரிய ஹோட்டல் அறைகளில் கட்டிலோரம் வைத்திருப்பார்களே, அது. மேற்பக்கம் தங்கநிற நூலில் ஹோட்டலின் பெயர் தைத்திருந்தது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை என் அறைத் தரையில் சறுக்கி விளையாட, பக்கத்திலிருந்த தாய் சொன்னார்:

“மிஸ், இவர் குடிக்கிறல்ல. வேற பழக்கமும் இல்ல. கொழும்புக்குப் போனா நல்ல ஹோட்டல்ல நிப்பார், அறைக்குக் காசு எடுக்க மாட்டாங்களாம் எண்டு சொல்லுவார். நானும் சந்தோசப்பட்டன். மறுகா அலுமாரியத் திறந்து பார்த்தா என்ட காப்பும் இல்ல, மாலையும் இல்ல.”

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக வேலை தொடங்கிய காலத்தில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் போரிலும் சுனாமியிலும் உறவுகளை இழந்தவர்கள், கணவனின் குடியால் நொந்தவர்கள். சூதாட்டத்துக்காக ஒருவரும் வந்ததாக நினைவில்லை. இப்போது வருகிறார்கள். கையிலுள்ள போனில் பந்தயம் கட்டுகிற இளைஞர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கசினோ ஹோட்டலில் தங்கிப் பழகியவர்கள். இந்த இரண்டாவது வகையினர் மிகவும் பிந்தித்தான் வருகிறார்கள். வீட்டாருக்கு அது சூதாட்டமாகத் தெரிவதில்லை, வசதியாகவும் கௌரவமாகவுமே தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், சம்மதமும் பெற்றிருக்கிறேன்.

அந்தக் கணவர் ஒன்பது வருடம் கட்டாரில் கட்டட வேலை செய்தவர். திரும்பி வந்து சிறு சிறு கொந்தராத்து வேலைகள் எடுத்து நடத்தினார். சாமான் வாங்கக் கொழும்பு போனபோது நண்பர் ஒருவர் கூட்டிப் போனதுதான் தொடக்கம். முதல் நாள் ஐயாயிரம் ரூபாய் வென்றிருக்கிறார், இராச் சாப்பாடும் சும்மா கிடைத்திருக்கிறது. இரண்டாவது தடவை பெயர் பொறித்த அட்டை கொடுத்தார்கள். நாலாவது தடவை பதினோராம் மாடியில் அறை.

முதல் சந்திப்பில் அவர் என்னிடம் மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்ன விடயம் ஒன்று உண்டு: “வாசல்ல நிக்கிறவர் என்ட பேரச் சொல்லி ‘குட் ஈவினிங் சேர்’ எண்டார் மிஸ்.” எவ்வளவு காசு போனது என்பதை நாலாவது சந்திப்பில்தான் சொன்னார்.

அந்நிய நாட்டு வெயிலில் ஒன்பது வருடம் இலக்கத்தால் அழைக்கப்பட்ட மனிதனுக்கு, பெயர் சொல்லி அழைத்துக் கதவு திறந்துவிடும் இடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காசாசை பிடித்துப் போனவன் என்று ஊர் சொல்லும். என் அனுபவத்தில், நம்மவர்களை முதலில் பிடிப்பது மரியாதைதான். காசு பிறகு வருகிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் “பேராசை பிடிச்சவன்” என்று வீட்டில் திட்டத் தொடங்கினால், மரியாதை கிடைக்கும் ஒரே இடமாக அந்த ஹோட்டல் ஆகிவிடும்.

சரி, அறையை ஏன் சும்மா தருகிறார்கள்? ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த இலக்கத்தில் விழும் என்று காசு கட்டும் ஆட்டம். ஒரு பூச்சியம் உள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 இலக்கங்கள். ஓர் இலக்கத்தில் கட்டி அது விழுந்தால், கட்டிய காசோடு மேலதிகமாக 35 மடங்கு தருவார்கள். சரிக்குச் சரியான ஆட்டமென்றால் 36 மடங்கு தர வேண்டும். அந்த ஒரு மடங்குதான் கடைக்காரரின் பங்கு. கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரி 2 ரூபாய் 70 சதம். பார்க்க அற்பமாக இருக்கும். சுற்றுக்கு 2,000 ரூபாய், மணித்தியாலத்துக்கு 40 சுற்று, எட்டு மணித்தியாலம் என்று வைத்தால் மேசையில் ஓடிய காசு 640,000 ரூபாய். அதில் 2.7 வீதம் 17,000 ரூபாய்க்கு மேல். சில இரவு வெல்வார், சில இரவு கூடத் தோற்பார்; பல இரவுகளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கசினோவின் பக்கம்தான் சாயும். பெயர் பொறித்த அந்த அட்டை, அவர் எவ்வளவு கட்டுகிறார், எத்தனை மணித்தியாலம் இருக்கிறார் என்பதையெல்லாம் பதிகிறது. எதிர்பார்க்கும் இழப்பில் ஒரு பங்கைத்தான் அறையாகவும் சாப்பாடாகவும் காராகவும் திருப்பித் தருகிறார்கள்.

இதை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். எஸ்டிமேட் போட்டுப் பழகிய மனிதர். பென்சிலை வாங்கி, தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த அறைக்கு நான் முன்னுக்கே காசு கட்டிப்போட்டன், என்ன மிஸ்?” என்று கேட்டார்.

2018 இல் ஒரு பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போனபோது, இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்று, கசினோ உள்ள கெந்திங் மலையில் ஓர் இரவு தங்கினேன். அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள். அறைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் பதிவான ஹோட்டல். வெளியே மலை மூடுபனி, நல்ல குளிர். உள்ளே விளையாட்டுத் திடல், கடைகள், ஐஸ்கிறீம் கையிலுள்ள பிள்ளைகள். குடும்பம் குடும்பமாக மகிழ்ச்சியோடு வந்திருந்தார்கள், அதில் தவறேதும் இல்லை. கசினோவுக்குள் நான் கவனித்தது நேரம் தெரியாமையை. யன்னலும் மணிக்கூடும் என் கண்ணில் படவில்லை. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஒரே வெளிச்சம். கையில் காசு இல்லை, காசுக்குப் பதிலான நிற வட்டங்கள் மட்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொடுக்கும்போது வரும் கைநடுக்கம், ஒரு பிளாஸ்டிக் வட்டத்தைத் தள்ளும்போது வருவதில்லை.

வெளியூரிலிருந்து வந்து ஆடுபவர் ஏதோ ஒரு நேரத்தில் எழுந்து போகத்தான் வேண்டும். கடைசி பஸ் இருக்கிறது. ஹோட்டலிலேயே தங்குபவருக்கு அந்தக் கடைசி பஸ் கிடையாது. தோற்று, அறைக்குப் போய், தூக்கம் வராமல் புரண்டு, அதிகாலை மூன்று மணிக்கு லிப்டில் இறங்கினால் மேசை அங்கேயே இருக்கிறது. தூக்கமில்லாத மூளை இழப்பைச் சரியாக எடைபோடாது. என்னிடம் வந்தவர்களின் மிகப்பெரிய இழப்புகள் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது இறக்கத்தில்தான். வீட்டாரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதனால் இதுவே: எத்தனை இரவு தங்கினார்?

நுழைவுக் கட்டணம் ஆட்களைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இலங்கைக் குடிமக்களுக்கான கசினோ நுழைவு வரி 2025 இல் 50 அமெரிக்க டொலரிலிருந்து 100 அமெரிக்க டொலராக உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் அந்நாட்டவருக்கு 2019 முதல் 24 மணித்தியாலத்துக்கு 150 சிங்கப்பூர் டொலர். புதிதாகப் போக நினைப்பவரை இது தயங்க வைக்கும், நல்லதுதான். ஏற்கெனவே பிடிபட்டவருக்கோ, வாசலில் கொடுத்த காசே முதல் இழப்பு. அதை எடுக்காமல் எழும்ப மாட்டார். சிங்கப்பூரில் எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு: மனைவியோ கணவனோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து, தம் குடும்பத்தவரைக் கசினோவுக்குள் விடாமல் தடுக்கும் உத்தரவு பெறலாம். கொழும்பில் 2025 ஓகஸ்டில் சிற்றி ஒஃப் ட்றீம்ஸ் திறந்த பிறகு, கசினோவோடு சேர்ந்த பெரிய ஹோட்டல் நமக்கும் வந்துவிட்டது. அந்தத் தடுப்பு உரிமையும் நம் குடும்பங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசமும் தீமிதிப்பும் பார்க்க வருடந்தோறும் எவ்வளவு சனம் கூடுகிறது! அந்த மகாபாரதக் கதையில் தருமர் சூதாடும் இடம் தேடிப் போனவர் இல்லை. புதிதாகக் கட்டிய மண்டபத்தைப் பார்க்க வாருங்கள் என்று விருந்தாளியாக அழைக்கப்பட்டவர். ஆடி ஆடி, கடைசியில் மனைவியைக் கேளாமலே மனைவியைப் பணயம் வைத்தார். என் வேலையில் இந்த இடம் அடிக்கடி வரும். நம் பகுதியில் வீடுவளவு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படுகிறது. ஆகவே கடன் முற்றும்போது கணவருக்கு மனைவியின் கையெழுத்துத் தேவைப்படுகிறது. “காணி உறுதியை ரெண்டு மாசத்துக்கு அடகு வைப்பம், மீட்டுத் தாறன்” என்று அழுதுகொண்டு கேட்பார். அழுகை உண்மையானதுதான், நடிப்பு இல்லை. அப்படியிருந்தும் கையெழுத்து வைக்காதீர்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். நுண்கடனும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கடனை ஒரேயடியாகக் கட்டி முடித்த குடும்பங்களில், ஆறு மாதத்துக்குள் அதேபோன்ற கடன் திரும்ப வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடன்காரர் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதுவது, வருமானத்தைக் கொஞ்சக்காலம் மனைவி அல்லது தாயின் கையில் விடுவது, தவணை முறையில் அவரே கட்டுவது. மெதுவானது, ஆனால் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாதது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற சில மருந்துகள், இதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவரிடம்கூடச் சூதாட்ட வெறியைக் கிளப்பக்கூடும். வயதானவர் ஒருவர் திடீரென்று மாறினால் அவமானப்படுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் சூதாட்டக் கோளாற்றை நோய்ப் பட்டியலில், அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகவே இதற்குச் சிகிச்சை கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச ஆளில்லையென்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். கடன் வெளிப்படும் அந்த முதல் சில நாட்கள் உயிராபத்தானவை. “இனி நான் இருந்து என்ன” என்பது போல ஒரு சொல் வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். கணக்குக் கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் அந்தக் கணவர் தனியாக வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அதிர்ந்தது. பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு இரவு அறை இலவசம், கூட்டிப் போகக் காரும் அனுப்புவார்களாம். வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

“வீட்ட ஒருத்தருக்கும் இண்டைக்கு என்ட பிறந்தநாள் எண்டு ஞாபகமில்ல மிஸ்” என்றார்.

நான் எழும்பிப் போய், வெளியே வாங்கில் காத்திருந்த அவருடைய மனைவியை உள்ளே கூப்பிட்டேன்.