பதிவான கோப்பை ஓட்டிப் பார்த்தீர்களா?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு மூவறை வீட்டுக்குப் போயிருந்தேன். இரவில் எழுந்து நடந்த அம்மா விழுந்துவிட்டார். எப்படி விழுந்தார், தலை இடித்ததா என்று மருத்துவர் கேட்கிறார். மகன் பைத்தானில் இருபது வரி நிரல் எழுதி, வெப்கேம் காட்சியை இரவெல்லாம் பதிவு செய்துவந்தார். கோப்பு இருந்தது, ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல். திறக்கத்தான் இல்லை.

பதற்றத்தில் அவர் கணினியின் மின்சாரத்தை அப்படியே அணைத்திருக்கிறார். அவர் பதிந்த எம்பி4 வகைக் காணொளிக் கோப்பில் எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்னும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். கோப்பை முடித்து மூடும் ‘ரிலீஸ்’ என்ற கட்டளையை எட்டுமுன் நிரல் நின்றுவிட்டால் அட்டவணையே இல்லை. அதே கேமராவின் நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து மீட்கப் பார்த்தேன். சில நிமிடங்கள் கிடைத்தன. விழுந்த கணம் கிடைக்கவில்லை. அந்த மகனின் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முந்தைய நாள்களின் கோப்புகள் ஓடின. ஆனால் கைத்தடி ஊன்றி மெல்ல நடக்கும் அம்மா அவற்றில் ஓட்டமாய் ஓடினார்! நிரலில் நொடிக்கு 30 படம் என்று எழுதியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு 15தான் தந்தது. எட்டு மணி நேர இரவு நான்கு மணி நேரமாகச் சுருங்கிப்போனது. எனவே நேரத்தை ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பொறித்துவிடுங்கள். படத்தின் அகல உயரமும் நிரலில் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால், காட்சியைப் பதிய நிரல் பயன்படுத்தும் ஓப்பன்சிவி என்னும் மென்பொருள் தொகுப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் வெற்றுக் கோப்பைத் தரும்.

பாதியில் நின்றாலும் அதுவரை பதிவானது திறக்கும்படி, பதிவை எம்கேவி என்னும் காணொளிக் கோப்பு வடிவத்துக்கு மாற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்தேன். எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளி மென்பொருள் ஒரே கட்டளையில் இதைச் செய்யும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இல்லப் பணிப்பெண் படுக்கும் மெத்தையும் காட்சிக்குள் இருந்தது. கேமரா இருப்பதைப் பணிப்பெண்ணிடம் சொல்ல வேண்டும், அவர் உறங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் அறிவுரை. அவரை அழைத்து, திரையைப் பார்த்தபடியே கேமராவைத் திருப்பினோம். மெத்தை மறைந்தது, கழிவறைக்குப் போகும் நடைவழி மட்டும் நின்றது.

பிறகு பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கச் சொன்னேன். மகன் தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். கோப்பு திறந்தது. கடைசி ஓரிரு நொடிகள் மட்டுமே போயிருந்தன.