துரு போட்ட பூட்டு: சைலன்சர் கிளாம்ப் ஏன் கழல மறுக்கிறது?

பைக்கில் சைலன்சரை மாற்ற உட்கார்ந்தால், பாதி நேரம் அதைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பின் ஒற்றை போல்ட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். அழுத்தித் திருப்பினால் ஒன்று நட்டின் முனைகள் மழுங்கும், இல்லையேல் போல்ட் முறியும். பலம் போதவில்லை என்று ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் முறிக்கிறவர்கள்.

இரும்பு துருவாகும்போது ஊதுகிறது. ஆக்சைடாக மாறிய இரும்புக்கு முன்பைவிட ஏறத்தாழ 2 மடங்கு இடம் வேண்டும். நீரும் சேர்ந்த துருவுக்கு அதைவிட அதிகம். வெளிப்பரப்பில் இது செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நட்டு, போல்ட்டின் திருகு வரிகளான மரைக்குள் உதிர ஏது இடம்? நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஆப்பாக இறங்கிவிடுகிறது.

புகைக்குழாயில் இது விரைவாக நடக்கக் காரணம் உண்டு. வெளியே சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும். உள்ளேயும் நீர்தான்: 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. குழாய் நன்றாகச் சூடேறுமுன் எஞ்சினை அணைத்தால் அது உள்ளேயே படிந்து, இணைப்பு வழியாகக் கசியும். தினமும் இரண்டு தெரு மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் சீக்கிரம் அரிப்பது இதனால்தான்.

முறிவுக்கும் கணக்கு இருக்கிறது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் துரு தின்றால், வலிமையில் 27 சதவீதம் காணாமல் போகும். அதேசமயம் திருப்பத் தேவையான விசையோ ஏறியிருக்கும்.

ஆகவே உடைக்க வேண்டியது துருவை, போல்ட்டை அல்ல. துரு நொறுங்கும் பொருள். இழுவையைவிட அதிர்வுக்கு எளிதில் விரிசல் விடும். போல்ட்டின் தலையில் சுத்தியலால் சில தட்டு, பிறகு துருவை இளக்கும் எண்ணெய். நுண்ணிய இடுக்குகளில் அது தானாகவே ஊர்ந்து செல்லும், ஆனால் மெதுவாக. முந்தின இரவே தெளித்து வைப்பது நல்லது. கழற்றும்போது கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு திருப்புங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. 8 மில்லிமீட்டர் நட்டு, போல்ட்டைவிட 300 டிகிரி அதிகம் சூடானால் அதன் துளை சுமார் 0.03 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. துருவின் பிடி உடைய அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் எண்ணெய் ஈரம் இன்னும் இருக்கும் இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஒட்டியிருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும்.

என்னைக் கேட்டால், கிளாம்ப் விஷயத்தில் இவ்வளவு பொறுமை காட்டத் தேவையில்லை. ஹாக்சா பிளேடால் போல்ட்டை அறுத்துவிட்டுப் புதுக் கிளாம்ப் போடலாம். குழாயில் கீறல் விழாமல் பார்த்தால் சரி. பொறுமையெல்லாம் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டுக்கு, அதாவது தலையில்லாத போல்ட்டுக்கு. அது அலுமினியத்துக்குள் முறிந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அங்கே ஹெட்டைச் சூடாக்குவது உதவும்: அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்.

புதிதாகப் பூட்டும்போது மரையில் செம்புத்தூள் கலந்த பசையைத் தடவுங்கள். உராய்வு குறைவதால், வழக்கமான முறுக்கைவிடச் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும்.