ஜான்ஜொட்: டாக்காவின் ஊர்திச் சிடுக்கு

டாக்காவில் அலுவலகத்துக்குப் பிந்தி வந்தவர் 'ஜான்ஜொட்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. போக்குவரத்து நெரிசலுக்கு வங்காளியர் இட்ட பெயர் அது.

சொல்லின் முதலில் வரும் யகரத்தை அவர்கள் ஜகரமாக ஒலிப்பார்கள். ஆகவே 'ஜான்' என்பது 'யானம்', அதாவது ஊர்தி. மகாயானம், ஈனயானம் என்று பௌத்தத்தில் நாம் அறிந்த அதே யானம்தான். 'ஜொட்' என்பது சிக்கு. சடை, சடாமுடி ஆகியவற்றோடு உறவுடைய சொல். வாராமல் விட்ட தலைமுடிபோல வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

2022 கணக்கெடுப்பின்படி வங்கதேசத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஆனால் கூட்டம் மட்டுமே காரணமில்லை. டாக்காவின் நிலப்பரப்பில் சாலைக்குக் கிடைத்திருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கொஞ்ச இடத்தில் மிதிரிக்‌ஷா, 'சிஎன்ஜி' என்று அவர்கள் அழைக்கும் ஆட்டோ, பேருந்து, கார் எல்லாம் கலந்தே ஓடுகின்றன. மெதுவாகப் போகும் வண்டிதான் பின்னால் வருபவற்றின் வேகத்தை முடிவுசெய்கிறது. பேருந்து நடுச்சாலையில் நின்று ஆள் ஏற்றும். நகரின் ஊடே போகும் ரயில்பாதையில் கேட் விழுந்தால் இருபுறமும் உறைந்துவிடும். 2022 டிசம்பரில் நகரின் வடபகுதியான உத்தராவிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கியபின் அந்த வழியில் போகிறவர்களுக்காவது மூச்சுவிட முடிகிறது.

இந்த 'ஜொட்' பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போய்ப் பட்டம் தாமதமானால் 'செஷன்ஜொட்'. நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தால் 'மாம்லாஜொட்'. இதை நாம் வழக்குத் தேக்கம் என்போம்.

தமிழில் பழகிய 'நெரிசல்' நல்ல சொல்தான். கழுத்தை நெரிப்பது, கூட்டத்தில் நெரிபடுவது என்று அழுத்தத்தைக் காட்டும் 'நெரி'யிலிருந்து வந்தது. ஆனால் அதில் அழுத்தம் தெரிகிறது, பின்னல் தெரியவில்லை. ஜான்ஜொட்டைப் பொருள் குறையாமல் பெயர்க்க 'ஊர்திச் சிடுக்கு' என்பதே என் தேர்வு. நூலில், முடியில் விழுவதைச் 'சிடுக்கு' என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான். 'சிக்கல்' என்றும் வைக்கலாம். ஆனால் அது இன்று 'பிரச்சினை' என்ற பொருளிலேயே நின்றுவிட்டது.

தெருவில் மழைநீர் வடியாமல் நிற்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஜொலோஜொட்'டை மட்டும் சொல்லுக்குச் சொல் மாற்றி 'நீர்த்தேக்கம்' என்றுவிடக் கூடாது, அது அணையாகிவிடும். 'மழைநீர்த் தேங்கல்' என்று எழுதலாம். ஆடி ஆவணி மழையில் டாக்காவாசிகளுக்கு இந்த இரண்டு ஜொட்டும் ஒரே நாளில் வரும்.