ஈரம் பட்டால் கறுக்கும் வண்டு

காண்டாமிருக வண்டு என்றதும் நமக்குத் தென்னங்குருத்தைத் துளைத்து நாசமாக்கும் கறுப்பு வண்டுதான் ஞாபகம் வரும். அதன் சொந்தத்திலேயே மிக நீளமான இனம் மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் சில கரீபியத் தீவுகளிலும் வாழ்கிறது. அதுதான் ஹெர்குலிஸ் வண்டு. பெரிய ஆண் கொம்போடு சேர்த்து 17 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

அந்த நீளத்தில் பெரும்பங்கு கொம்புக்கே போய்விடுகிறது. மார்பிலிருந்து முன்னால் நீளும் கொம்பின் அடிப்பக்கம் முழுக்கப் பொன்னிற மயிர். தலையிலிருந்து இன்னொரு கொம்பு மேல்நோக்கி வளைகிறது. தலையை நிமிர்த்தினால் இரண்டுக்கும் நடுவே எதிரி சிக்கிக்கொள்வான். அப்படியே தூக்கி எறிய வேண்டியதுதான். சண்டை பெண்ணுக்காக. பெண்ணுக்குக் கொம்பே கிடையாது.

கொம்பின் அளவு புழுப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. மக்கிய மரத்தைத் தின்று ஒரு வருடத்துக்கும் மேல் வளரும் புழு 100 கிராமைக்கூடத் தாண்டும். நன்றாகத் தின்ற புழுவுக்குப் பெரிய கொம்பு. வண்டான பிறகு எவ்வளவு பழம் தின்றாலும் கொம்பு வளராது. ஆயுளும் சில மாதங்கள்தான்.

இது தன் எடையைப்போல் 850 மடங்கு சுமக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். நம்ப வேண்டாம். 1996-இல் ஆய்வாளர் ரோஜர் கிராம் வேறொரு காண்டாமிருக வண்டு இனத்தை நடக்கவிட்டு அளந்தபோது, 30 மடங்கு சுமையோடு அது சீராக நடந்தது. அதுவே பெரிய விஷயம்!

சரி, முதுகுக்கு வருவோம். கெட்டியான முன்னிறகுகள் காய்ந்திருக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை, ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள். ஈரம் ஏறினால் சில நிமிடங்களில் முழுக்கக் கறுத்துவிடும். காய்ந்தால் பழைய நிறம் திரும்பும். செத்து உலர்ந்த வண்டிலும் இது நடப்பதால், இதற்கு உயிரோ நரம்போ தேவையில்லை என்று தெரிகிறது.

1972-இல் ஹின்டன், ஜார்மன் என்ற ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். மேலே மெல்லிய, ஒளி ஊடுருவும் தோல். அதன் கீழே மெல்லிய இழைகளால் ஆன, நுண்துளைகள் நிறைந்த அடுக்கு. அதற்கும் கீழே கறுப்பு. துளைகளில் காற்று இருக்கும்வரை, காற்றும் இழையும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறித் திரும்புகிறது. கண்ணுக்கு மஞ்சள்பச்சை தெரிகிறது. துளைகளில் நீர் புகுந்தால்? நீரும் இழையும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. திருப்பி அனுப்ப எல்லையே இல்லாததுபோல ஒளி உள்ளே இறங்கி, கறுப்பில் மறைகிறது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதும் இதே இயற்பியல்தான். 2008-இல் பெல்ஜியத்தின் நாமூர் பல்கலைக்கழகக் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த இழைகள் கண்டபடி கிடக்காமல் அடுக்கடுக்காக அமைந்திருந்தன.

இதனால் வண்டுக்கு என்ன லாபம்? ஈரம் கூடும் இரவில் கறுப்பும், காய்ந்த பகலில் இலைநிறமும் அதை மறைக்கலாம் என்பது ஒரு கருத்து. கறுப்பு வெப்பத்தை அதிகம் உறிஞ்ச உதவலாம் என்பது இன்னொன்று. அப்புறம், இந்த முதுகைப் பார்த்து 2010-இல் கொரிய ஆய்வாளர்கள் ஒரு படலம் செய்தார்கள். காற்றில் ஈரம் ஏற ஏற அது நீலப்பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். நிறத்தைப் பார்த்தே ஈரப்பதத்தைச் சொல்லிவிடலாம்.