ஜெரோன்டோஜீன் – மூப்பு மரபணு

ஓர் உயிர் எவ்வளவு வேகமாக மூப்படைகிறது, எத்தனை காலம் வாழ்கிறது என்பதில் கைவைக்கும் மரபணுவுக்கு ஜெரோன்டோஜீன் என்று பெயர். கிரேக்கத்தில் 'கெரோன்' என்றால் கிழவர். 'ஜீன்' என்பது 1909-இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் உருவாக்கிய சொல். நாம் மரபணு என்கிறோம்.

தமிழில் 'முதுமை மரபணு' என்றும் எழுதலாம்தான். ஆனால் 'மூப்பு மரபணு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதுமை என்றதும் ஒரு பருவம்தான் நினைவுக்கு வருகிறது. நரை, திரை, மூப்பு என்று சொல்லும்போது உடல் மெல்ல மாறுவது தெரிகிறது. இந்த மரபணுக்கள் தொடுவது அந்த மாற்றத்தின் வேகத்தை.

பெயரைப் பார்த்து, நம்மைக் கிழமாக்குவதற்கென்றே ஒரு மரபணு உள்ளே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. சி. எலிகன்ஸ் புழுவில் உள்ள டாஃப்-2 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். சி. எலிகன்ஸ் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. இரண்டு மூன்று வாரம்தான் வாழும். உணவு குறைந்து நெரிசல் கூடினால், இளம்புழு வளர்ச்சியை நிறுத்தி, உண்ணாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இந்த நிலைக்கு 'டவர்' என்று பெயர். நீடித்திருத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல். டாஃப் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. 1993-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 பழுதான புழுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் வாழ்வதைக் கண்டது. அதுவும் டவர் நிலையில் அல்ல, வளர்ந்த புழுக்களாக, சுறுசுறுப்போடு. அப்புறம்தான் தெரிந்தது, டாஃப்-2 நம் இன்சுலின் ஏற்பிக்கு, அதாவது இன்சுலின் தரும் செய்தியை உயிரணுவில் வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு, உறவு என்று. வளர்ச்சிக்கு உதவும் மரபணுதான் அது. அதன் வேலை தணிந்தால் மூப்பும் தாமதிக்கிறது.

இந்த நீட்டிப்புக்கு டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு நலமாக இருக்க வேண்டும். மனிதரில் அதன் உறவு ஃபாக்ஸோ3. அதன் ஒரு வடிவம், 95 வயது கடந்தவர்களிடம் கூடுதலாக இருப்பதை 2008-இல் ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட வடிவத்துக்கு 'நெடுவாழ்வு மரபணு வகை' என்ற சொல் சரியாக இருக்கும்.

சரி, நம் ஆயுளும் இரட்டிப்பாகுமா? புழுவில் ஒரே மரபணு செய்ததை மனிதரில் எந்த ஒற்றை மரபணுவும் செய்ததாகக் காணவில்லை. டென்மார்க் இரட்டையரிடம் நடந்த ஆய்வு 1996-இல் சொன்னது, ஆயுள் வேறுபாட்டில் சுமார் கால் பங்குதான் மரபால் வருகிறது என்று. 'சாகாவரம் தரும் ஜீன்' என்ற தலைப்புகளைத் தமிழ் ஏடுகள் கைவிட வேண்டும். டாஃப்-2 பழுதான புழுக்களும் மூப்படைந்தே இறக்கின்றன.