வெள்ளைக் காளானுக்கு வீட்டுச் சோதனை கிடையாது

நல்ல மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள் என்றாலே டியூட்டியில் எனக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். இந்த முறை வந்தவர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்த நான்கு பேர். அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயதுப் பையன். இரவு எட்டு மணிக்குக் காளான் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். விடிகாலை நான்கு மணிக்கு ஒருவர் பின் ஒருவராக வாந்தி, வயிற்றுப்போக்கு. முதலில் போன இடத்தில் ஃபுட் பாய்சன் என்று சொல்லி, ட்ரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே யாரும் துருவிக் கேட்கவில்லை, இவர்களும் காளானைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாள் நால்வரும் எழுந்து நடமாடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் பையனின் கண் மஞ்சளாக இருப்பதைப் பாட்டிதான் முதலில் கவனித்திருக்கிறார்.

"நல்லாப் பார்த்துத்தான் டாக்டர் பறிச்சேன். வெள்ளையா, சுத்தமா இருந்துச்சு. பூச்சி கூட அரிச்சிருந்துச்சு" என்றார் அப்பா.

அந்தப் பூச்சிக் கதையை இனி ஒரு குடும்பத்தின் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பூச்சி தின்றால் நல்ல காளான், தொடாவிட்டால் விஷக் காளான் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, படித்தவர்களும் நம்புகிறார்கள். நத்தை விஷக் காளானைத் தின்னும். முயல் தின்னும், அணில் தின்னும். ஆளைக் கொல்லும் டெத் கேப் காளானுக்குள்ளேயே முட்டையிட்டுப் புழுவாக வளரும் பழ ஈ இனங்கள் உண்டு. அவற்றின் உடம்பு வேறு, நம் கல்லீரல் வேறு. புழு நெளிகிற காளான் புழுவுக்கு உணவு, அவ்வளவுதான். அதில் உங்களுக்கான செய்தி ஒன்றும் இல்லை. பூச்சியே அரிக்காமல் பளிச்சென்று இருந்தாலும் அதுவும் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

மற்ற சோதனைகளும் இதே ரகம்தான். வெள்ளிக் கரண்டி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். டெத் கேப் சேர்ந்த அமானிட்டா வகைக் காளான்களின் விஷம் வெள்ளியை ஒன்றும் செய்யாது. கூடப் போட்ட பூண்டு நிறம் மாறுவதற்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை. குடையின் தோல் சுலபமாக உரிந்தால் நல்லது என்பார்கள், டெத் கேப்பின் தோலும் உரியும். விஷம் என்றால் கசக்கும் என்பார்கள், பிழைத்து வந்தவர்களோ ருசியாக இருந்தது என்றே சொல்கிறார்கள். கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் டெத் கேப்பில் இருக்கும் அமாடாக்ஸின் என்ற விஷம் சிதையாது. விஷக் காளான் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. அமானிட்டா வகையிலேயே டெஸ்ட்ராயிங் ஏஞ்சல் என்று ஒரு காளான் உண்டு. குடை, காம்பு, உள்பக்கம் எல்லாம் அப்பழுக்கில்லாத வெள்ளை. உலகில் மிகக் கொடிய காளான்களில் அதுவும் ஒன்று.

எது எது என்று பிரித்துச் சொல்கிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். முதலில் மண்ணுக்குள் இருப்பதைப் பார்க்கிறார்கள். டெத் கேப் போன்ற அமானிட்டா காளான் முளைக்கும்போது முழுவதையும் ஒரு வெள்ளை உறை மூடியிருக்கும். காளான் அதைக் கிழித்துக்கொண்டு மேலே வந்ததும், கிழிந்த உறை காம்பின் அடியில் ஒரு பை போல, உடைந்த முட்டை ஓடு போல, மண்ணுக்குள் தங்கிவிடும். நாம் என்ன செய்கிறோம்? மண் ஒட்டாமல் இருக்கட்டும் என்று காம்பை மேலே கிள்ளிக்கொண்டு வருகிறோம். ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான பகுதி தரைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த அப்பாவும் கத்தியால் அழகாக நறுக்கித்தான் எடுத்து வந்திருந்தார்.

அடுத்தது, குடைக்கு அடியில் விசிறி மாதிரி அடுக்கி நிற்கும் இதழ்கள். புல்வெளியில் முளைக்கும் உண்ணத்தக்க அகாரிகஸ் காளானில் இவை முதலில் இளஞ்சிவப்பு, பிறகு சாக்லேட் பழுப்பு. டெஸ்ட்ராயிங் ஏஞ்சலில் கடைசி வரை வெள்ளை. ஆனால் மொட்டுப் பருவத்தில் அகாரிகஸின் இதழ்களும் கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் தெரியும். பலரும் பறிப்பதே அந்த இளசான மொட்டைத்தானே, அங்கேதான் வழுக்கிவிழுகிறார்கள். நிறத்தை உறுதிசெய்ய, குடையை மட்டும் எடுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுக்க விடுவார்கள். காலையில் காளானின் விதை போன்ற வித்துத் தூள் படிந்திருக்கும். அகாரிகஸ் என்றால் கரும்பழுப்பு, அமானிட்டா என்றால் வெள்ளை. பச்சை கலந்த தூள் விழுந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ். வெப்ப நாடுகளின் புல்தரைகளில் மழைக்குப் பிறகு வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை. அதன் இதழ்களும் முதலில் வெள்ளைதான், முதிர்ந்த பிறகே பச்சை ஏறும். அடியில் பையும் இருக்காது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிப்போடும் வாந்தியும் பேதியும். அதில் உயிர் போவது அரிது, ஆனால் குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிவிடும்.

முட்டை மாதிரி உருண்டையாகக் கிடைத்தால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உண்ணத்தக்க பஃப்பால் இளசாக இருக்கும்போது உள்ளே முழுக்க ஒரே சீரான வெள்ளை. அமானிட்டா மொட்டை வெட்டினால் குட்டிக் குடை, இதழ், காம்பு எல்லாம் கோடு போட்டது போல உள்ளே தெரியும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

இதையெல்லாம் சொன்னது நீங்களே கண்டுபிடித்துச் சமைப்பதற்காக இல்லை. எத்தனை விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று காட்டத்தான். அடியில் பை இல்லை, காம்பில் வளையம் இல்லை, சின்னதாக வெள்ளையாகப் புல்லில் நிற்கிறது என்று கிளிட்டோசைப் வகையைத் தின்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிய, கண் மங்கி வந்திருக்கிறார்கள். அதற்காவது அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அமாடாக்ஸினுக்கு நிச்சயமான மாற்று மருந்து என்று கையில் எதுவும் இல்லை. வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு, அது நல்ல காளான்தான். ஆனால் அதைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் வேறு நாட்டுக்குப் போய், அதே மாதிரி இருக்கிறதே என்று டெத் கேப்பைப் பறித்துவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டெத் கேப் கலந்த விருந்தைச் சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்துபோனார்கள். "எங்க பாட்டி காலத்துலேர்ந்து சாப்பிடறோம்" என்ற அனுபவம் உங்கள் மண்ணில் முளைக்கும் காளானுக்குத்தான் பொருந்தும்.

கைபேசியில் படம் எடுத்துக் கேட்கிற ஆப்களையும் நம்பாதீர்கள். படத்தில் மண்ணுக்குள் இருக்கும் பையும் தெரியாது, வாசனையும் தெரியாது, வித்துத் தூளின் நிறமும் தெரியாது.

சரி, சாப்பிட்டாகிவிட்டது என்றால்? கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி பேதி தொடங்கினால், வேறு காரணம் உறுதியாகும் வரை நாங்கள் அதை அமாடாக்ஸின் என்றே எடுத்துக்கொள்வோம். சீக்கிரம் தொடங்கினாலும் நிம்மதி வேண்டாம், ஒரே கூடையில் இரண்டு வகை கலந்திருக்கலாம். வாந்தி நின்று, ஒரு நாள் முழுக்க எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். அந்த ஒரு நாளில்தான் கல்லீரல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து அந்த நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கல்லீரல் நொதிகளையும் ரத்தம் உறையும் நேரத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நேரத்தோடு வந்தால் குளுக்கோஸ், உப்பு நீர், கரித்தூள் மருந்து, சிலிபினின், என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று முயல இடமிருக்கிறது. தாமதமாகிக் கல்லீரல் செயலிழந்துவிட்டால் பல சமயம் கல்லீரல் மாற்று ஒன்றே வழி. 2016 டிசம்பரில் வட கலிபோர்னியாவில் டெத் கேப் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்ட 14 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் மூன்று பேருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்தது. அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. யாரோ பறித்துக் கொடுத்த காளானை வீட்டார் சமைத்ததுதான்.

எங்களிடம் வந்த பையன் பிழைத்துக்கொண்டான். அவனுடைய கண்ணில் மஞ்சளைப் பார்த்துச் சொன்ன பாட்டி ஆறாம் நாள் போய்விட்டார்.

வரும்போது மிச்சக் காளானையும், குப்பையில் போட்ட தோலையும் காம்பையும் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், அழுகிவிடும். சமைத்ததில் மிச்சம் இருந்தால் அதையும் கொட்டாதீர்கள். பறித்த இடத்தில் இன்னும் நிற்கிறது என்றால் ஒருவர் போய் வேரோடு தோண்டி எடுக்கட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்கிறவரும் சாப்பிட்டிருந்தால் கூடவே வர வேண்டும். அப்புறம், நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டுக்கு யாருக்காவது ஒரு கிண்ணம் கொடுத்தீர்களா? அந்த அம்மா இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாயில் கை வைத்துக்கொண்டு போனைத் தேடினார்.