வன்வட்டு: பெயரில் மட்டும் வன்மை

சென்ற மாதம் ஓர் இரவு, மதுரை சிம்மக்கல் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ‘டிக், டிக்’ என்று கேட்டது. பல்லி சொல்கிறது என்று நினைத்து, பழக்க தோஷத்தில் விரலால் மேஜையைத் தட்டினேன். மறுபடியும் அதே ஒலி, அதே இடைவெளியில். பல்லி இவ்வளவு கணக்காகச் சொல்லாது. மடிக்கணினியில் கை வைக்கும் இடத்தில் காதைப் பொருத்திய பிறகுதான் ஒலியின் ஊற்று தெரிந்தது.

மறுநாள் டவுன் ஹால் ரோட்டில் ஒரு மாடிக்கடை. “ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது அண்ணே” என்றார் கடைத் தம்பி. கணினி தன் கோப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் வன்வட்டைத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற பெரியவர் விடவில்லை: “ஹார்ட் என்கிறீர்கள், அது எப்படித் தம்பி போகும்?”

நியாயமான கேள்வி. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வட்டுச் சேமிப்பகத்தை வெளியிட்டபோது அதை யாரும் ‘ஹார்ட்’ என்று சொல்லவில்லை. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் அடுக்கிய அந்தப் பெரும் பெட்டி கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. 1971-இல் வளையக்கூடிய நெகிழ்வட்டு சந்தைக்கு வந்தது. அதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் பழையதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. பிராய்லர் வந்த பிறகு நம் வீட்டுக் கோழி ‘நாட்டுக்கோழி’ ஆகவில்லையா, அப்படி. ஆக ‘ஹார்ட்’ என்றால் வளையாதது, உடையாதது அல்ல. மடிக்கணினி வட்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது கண்ணாடித் தட்டு என்றதும் பெரியவர் நம்பாமல் பார்த்தார்.

‘டிஸ்க்’ கிரேக்கத்தின் ‘டிஸ்கோஸ்’: வீசி எறியும் தட்டு. தமிழின் ‘வட்டு’ம் விளையாட்டுப் பொருள்தான். ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்பது 401-ஆம் குறள். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆட ஓட்டுத் துண்டைத் தரையில் உரசியவர்களுக்கு அவற்றை விளக்க வேண்டியதில்லை. எறிந்து விளையாடும் பொருள்களைக் குறித்த இரண்டு சொற்கள், மேஜையிலிருந்துகூட விழக் கூடாத ஒரு பொருளுக்குப் பெயராகியிருக்கின்றன.

வன்பொருள், மென்பொருள் வரிசையில் ‘வன்வட்டு’ இயல்பாகப் பொருந்துகிறது. ‘வன்தட்டு’ என்றும் எழுதுகிறார்கள், குறையில்லை. ‘நிலைவட்டு’ மட்டும் எனக்கு ஒட்டவில்லை. நிலைக்காது என்பதுதானே இங்கே பிரச்சினை.

அந்த ‘டிக்’ எப்படி வருகிறது? மடிக்கணினி வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். படிக்கும் முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தில் மிதக்கும். தரவு எழுதிய தடம் பிடிபடாவிட்டால் முனை இருப்பிடத்துக்குத் திரும்பி மீண்டும் தேடும். ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு ‘டிக்’. ஒலி வராமலும் கெடலாம்: கோப்பு திறக்கத் தாமதமாகும், நகலெடுக்கும்போது பாதியில் உறைந்துபோகும். வட்டு தன்னைத் தானே கண்காணித்து எழுதும் ‘ஸ்மார்ட்’ பதிவில் 5 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகள்) ஆகிய எண்களுக்கு எதிரே ‘ரா’ (raw) மதிப்பு பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனாலும் கவலைப்பட வேண்டும்.

அந்த நிலையில், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கும் டிஃபிராக் செய்வதும், மறுபடி மறுபடி அணைத்துப் போடுவதும் நோயாளியை ஓடவிட்டுப் பார்ப்பது போன்றவை. ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. ஈரம் கோத்து உள்ளதும் போகும். திறந்து பார்ப்பது அதைவிட மோசம், ஒரு தூசி போதும். கணினியால் வட்டையே அடையாளம் காண முடியவில்லை என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

என்னுடையதற்கு இன்னும் மூச்சு இருந்தது. “திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள் அண்ணே, சினிமாவெல்லாம் அப்புறம்” என்றார் தம்பி. வெளி வட்டு ஒன்றை இணைத்து, வீட்டுப் பத்திரத்தின் நகல், மகளின் காதணி விழாப் படங்கள் என்று வரிசையாக எடுத்தோம். மூன்று படங்கள் மட்டும் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அத்தையின் முகம் இருக்கிறது, கையிலிருந்த தட்டைக் காணோம்.

புதிதாகப் போட்டது மின்னணுச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. தமிழில் திண்மநிலை இயக்ககம். அதில் வட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. சாகும்போது ‘டிக்’ என்றுகூடச் சொல்லாது. ரசீதில் தம்பி எழுதியிருப்பது: ‘ஹார்ட் டிஸ்க் - 1’.